விலாசம் தொலைந்த படங்கள்

சிவனொளிபாத மலைப் பருவகாலம் ஆரம்பித்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்விராது. டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை நல்லதண்ணிக்குப் புறப்படும் உறவினரும் நண்பர்களும் வழி கேட்பார்கள், தங்குமிடம் கேட்பார்கள், மழை பெய்யுமா என்றுகூடக் கேட்பார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் என்பதால் மலையின் வானிலைக்கும் நானே பொறுப்பு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் போலும்.

அண்மையில் வந்த அழைப்பு சற்று வேறு விதமானது. என் தங்கையின் மகன் இரவெல்லாம் மலையேறி, காலையில் இறங்கி வந்து, நல்லதண்ணித் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்தபடி பேசினான்.

"மாமா, கமெராவுல கார்ட் எரர்னு வருது. போமட் பண்ணவான்னு கேக்குது. ஆமான்னு அழுத்திடவா?"

"அழுத்தாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டிலிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கமெராவை உடனே நிறுத்து, கார்டைக் கழற்று, அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளிவிடு, வீடு வந்து சேரும்வரை அதைத் தொடாதே என்று சொல்லி முடித்த பின்னர்தான் எனக்கு மூச்சு வந்தது.

பையனுக்கு இது வியப்பாக இருந்திருக்கும். 2006ஆம் ஆண்டு அதே மலையில் அதே கேள்விக்கு "ஆம்" என்று அழுத்தியவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் கதையையும், மெமரி கார்ட் என்ற இந்த நகமளவுப் பொருளின் வரலாற்றையும் இங்கே பதிவு செய்துவைக்கலாம் என்று தோன்றியது.

•

2006 மார்ச் மாதம். பத்திரிகையின் வார இதழுக்காகச் சிவனொளிபாத யாத்திரை பற்றி ஒரு கட்டுரை எழுதச் சென்றிருந்தேன். பிலிம் சுருளுடன் பதினைந்து ஆண்டுகள் மாரடித்த எனக்கு டிஜிட்டல் கமெரா அப்போது புதிது. ஐந்து மெகாபிக்சல், 512 மெகாபைட் கொண்ட ஓர் எஸ்.டி. கார்ட். முப்பத்தாறு படங்களுடன் முடிந்துவிடும் சுருளைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தவனுக்கு இருநூறு படங்கள் என்பது அள்ள அள்ளக் குறையாத செல்வமாகத் தெரிந்தது. அப்படியும் ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வந்து சேர்வதற்குள் கார்டை நிரப்பிவிட்டேன். வேண்டாத படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து இடம் பண்ணினேன். இந்தச் சிறு செயலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

மலையேறுவதற்கு முன் மாலை வேளையில், அடிவாரத்திலுள்ள லயமொன்றில் எழுபது வயது கடந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். என் தாயாரோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். அவருடைய ஒரே தம்பி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறியிருந்தார்.

புலம்பெயர்ந்த இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு காம்பராவுக்குள்ளேயே அக்காள் இங்கே, தம்பி அங்கே என்று கோடு விழுந்தது இப்படித்தான். விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் வேண்டும் என்பதால், ஹற்றன் ஸ்டூடியோவில் அன்று எடுத்த படமே தங்கள் வாழ்நாளின் முதற்படம் என்று பல முதியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் தம்பியும் புறப்படும்போது அப்படியொரு சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை அக்காளிடம் கொடுத்துவிட்டுக் கோச்சி ஏறியிருக்கிறார். அதை அவர் தகரப் பெட்டிக்குள் சேலை மடிப்பில் வைத்திருந்தார்.

"தம்பி, அவனும் நானும் ஒரே படத்துல இருக்கிற மாதிரி ஒன்னு எடுத்துக் குடுப்பியா? அவனுக்கு அனுப்பணும். அவன் புள்ளைங்க என்னையப் பாத்ததே இல்ல."

பெட்டியிலிருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, தம்பியின் படத்தை இரு கைகளாலும் மார்புக்குக் கீழே பிடித்தபடி வாசலில் அமர்ந்தார். மூன்று படங்கள் எடுத்தேன்.

•

அன்றிரவு மலையேறினேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். 2,243 மீற்றர் உயரம். விடியற்காலையில் உச்சியில் வீசும் காற்று எலும்பைத் துளைப்பது. சூரியன் எழும்போது மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே பனிப்புகாரின் மீது விழும். ஒரு சில நிமிடக் காட்சி அது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். திடீரென்று கமெரா அணைந்தது.

குளிரில் பற்றரியின் வலு குறையும் என்பதும், படம் கார்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பற்றரியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி மீண்டும் போட்டேன். கமெரா விழித்துக்கொண்டது. ஆனால் திரையில் படங்கள் இல்லை. கார்டில் பிழை, போமட் செய்யவா என்ற கேள்வி மட்டுமே இருந்தது. பின்னால் நின்றவர்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள், நிழல் கலைந்துகொண்டிருந்தது. "ஆம்" என்று அழுத்தினேன். கார்ட் சரியாகிவிட்டதா என்று பார்க்க எதிரேயிருந்த பனிமூட்டத்தை இரண்டு படங்கள் எடுத்தேன். சரியாகிவிட்டிருந்தது. கார்ட் வெறுமையாக இருந்தது என்பது அதற்குப் பின்னர்தான் மண்டையில் உறைத்தது.

நிற்க. இந்தக் கார்ட் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

•

மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை வைத்திருக்கும் சிலிக்கன் நினைவகத்தின் வேர் 1967ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர், காப்புறையால் முற்றாகச் சூழப்பட்ட ஒரு நுண்ணிய பகுதிக்குள் இலத்திரன்களைச் சிறைப்பிடிக்கலாம் என்று காட்டினர். சிறையில் இலத்திரன் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். எழுத்து என்பது அவ்வளவுதான். ஆனால் எழுதியதை அழிப்பது பெரும்பாடாக இருந்தது. எழுபதுகளில் வந்த சில்லுகளை அழிக்கப் புறவூதா ஒளியின் கீழ் நிமிடக்கணக்கில் வைக்க வேண்டும்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா இதற்கு விடை கண்டார். பெருந்தொகுதிகளை ஒரே கணத்தில் மின்சாரத்தால் அழிக்கும் முறையை அவர் 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் வெளியிட்டார். அந்தக் கண நேர அழிப்பு, கமெராவின் 'பிளாஷ்' வெளிச்சத்தை நினைவூட்டுவதாகச் சக ஊழியர் ஒருவர் சொன்னதிலிருந்தே 'பிளாஷ் மெமரி' என்ற பெயர் வந்தது. கமெராவிலிருந்து பெயரை வாங்கிய பொருள் பின்னர் கமெராவின் பிலிம் சுருளையே இல்லாமற் செய்தது. இன்றைய கார்டுகளின் அடிப்படையான 'நாண்ட்' வகையையும் 1987இல் அவரது குழுவினரே அறிமுகப்படுத்தினர்.

அதன்பின் அட்டைகளின் காலம். 1994இல் சான்டிஸ்க் நிறுவனத்தின் கொம்பாக்ட் பிளாஷ், அடுத்த ஆண்டு தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக். 1999இல் தோஷிபா, சான்டிஸ்க், மட்சுஷிட்டா ஆகிய மூன்றும் கூடி எஸ்.டி. கார்டை அறிவித்தன. 2002இல் ஒலிம்பஸும் புஜியும் எக்ஸ்.டி. என்று ஒன்றைக் கொண்டுவந்தன. ஒருவருடைய கார்ட் மற்றவருடைய கமெராவில் பொருந்தாத அந்தக் குழப்பத்தை இரண்டாயிரங்களில் படமெடுத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈற்றில் எஸ்.டி. குடும்பமே நிலைத்தது.

இந்த இலத்திரன் சிறைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் காப்புறை சிறிது தேய்கிறது. நுண்ணறை ஒன்றில் ஒரு துணுக்கை மட்டும் வைத்த பழைய வகை, ஏறத்தாழ ஒரு லட்சம் முறை தாங்கும். மூன்று துணுக்குகளைத் திணிக்கும் மலிவு வகை சில ஆயிரம் முறைகூடத் தாங்காமற் போகலாம். இரண்டாவது, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்னேற்றம் மெல்லக் கசியும். பத்தாண்டு என்பதே தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லிவந்த கணக்கு. மெமரி கார்டைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் பெட்டகமாக நினைக்க முடியாது.

•

ஆனால் அன்று மலையுச்சியில் என் கார்ட் தேய்ந்துபோகவும் இல்லை, கசிந்துபோகவும் இல்லை. அது தொலைத்தது விலாசத்தை.

கார்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். எந்தப் படம் எந்தெந்த அறைகளில் இருக்கிறது என்ற பதிவு அது. பழைய கொம்பியூட்டர்களின் நெகிழ்தட்டுக்காக 1977இல் உருவான முறைதான். சிறு மாற்றங்களுடன் கமெராவுக்குள்ளும் குடிவந்தது. ஒரு படத்தை நாம் அழிக்கும்போது கமெரா படத்தை அழிப்பதில்லை. அட்டவணையில் அதன் பெயரை மட்டுமே அடித்துவிடுகிறது. சாதாரண போமட்டும் அவ்வாறே, அட்டவணையைத்தான் வெறுமையாக்குகிறது. அறைகளில் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின் மீது புதிதாக எதையும் எழுதாதவரை.

நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் வழியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பார்கள். 1969இல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. நகரின் பெயரும் தபாற் கந்தோரும் மேட்டிலுள்ள புதிய நகருக்குப் போய்விட்டன. ஆனால் கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பிற கட்டடங்களின் எச்சங்களும் வெளியே தெரிகின்றன. அவற்றைக் காண மக்கள் திரள்கிறார்கள். அழிக்கப்பட்ட படங்களின் நிலையும் அதுதான். வரைபடத்தில் இல்லை, ஆனால் அடியில் இருக்கின்றன.

கொழும்பு திரும்பியதும் எங்கள் அலுவலகத்தில் கணினிப் பிரிவிலிருந்த இளைஞர் ஒருவரிடம் கார்டைக் கொடுத்தேன். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் 'போட்டோரெக்' என்ற மென்பொருளை அவர் ஓடவிட்டார். அட்டவணையை அது பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் மாறாத ஒரு குறியீட்டுடன் தொடங்கும். அந்தக் குறியீடு எங்கே கிடக்கிறது என்று கார்ட் முழுவதையும் துழாவி, கிடைத்த இடத்திலிருந்து தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு போகும்.

பெரும்பாலான படங்கள் மீண்டன. மலையின் நிழலும் மீண்டது. ஆனால் அந்த அம்மாவின் முதல் இரண்டு படங்கள் இருந்த அறைகளில் இப்போது பனிமூட்டம் இருந்தது. சோதித்துப் பார்க்க நான் எடுத்த அதே இரண்டு படங்கள். மூன்றாவது படம் பாதி மட்டும் வந்தது. நெற்றியிலிருந்து தோள்வரை அவர் தெளிவாக இருந்தார். அதற்குக் கீழே, கைகளும் கைகளில் பிடித்திருந்த தம்பியும் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறம்.

"நீங்க இடையிடையே படம் அழிச்சிருக்கீங்க சேர்" என்றார் இளைஞர். "அதால இந்தப் படத்துக்கு ஒரே இடம் கிடைக்கல, ரெண்டு துண்டாப் போயிருக்கு. முதல் துண்டு இது. மற்றத் துண்டும் இந்தக் கார்டுலதான் எங்கேயோ இருக்கும். எங்கேன்னு சொல்ற அட்டவணைதான் இல்ல."

பின்னாளில் வந்த வேறு மென்பொருள்களையும் ஓடவிட்டுப் பார்த்தேன். மற்றத் துண்டு அகப்படவேயில்லை.

•

இந்த அனுபவத்துக்குப் பின் நான் கடைப்பிடித்துவரும் ஒழுங்கை இங்கே சொல்வது பயன் தரும்.

கார்டில் பிழை என்று வந்தால் முதலில் படமெடுப்பதை நிறுத்த வேண்டும். போமட் செய்யவோ 'திருத்தவோ' கேட்டால் இணங்கக் கூடாது. அடுத்து, பிழை கார்டில்தானா என்று பார்க்க வேண்டும். கமெராவைக் குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவரும்போது நீர்த்துளி படியும். மலைநாட்டில் இது அன்றாட நிகழ்வு. பொன்னிறத் தொடுகைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு ரீடரில் இட்டுப் பார்க்கலாம். ஓரத்துப் பூட்டு நகர்ந்திருந்தாலும் எழுத முடியாது என்று கமெரா முறையிடும். 2006க்குப் பின் வந்த எஸ்.டி.எச்.சி. கார்டுகளை அதற்கு முந்திய கமெராக்களும் ரீடர்களும் அறியா. அங்கே பழுது எதுவுமில்லை, தலைமுறை இடைவெளி மட்டுமே.

படங்களை மீட்பதாயின் மீட்டவற்றை அதே கார்டில் எழுதாமல் கணினியில் எழுத வேண்டும். முடிந்தால் கார்ட் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் தேட வேண்டும். கணினி கார்டையே அடையாளம் காணவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பலிக்காது.

மலிவு விலைக் கார்டுகளில் ஒரு மோசடி உண்டு. எட்டு ஜிகாபைட் உள்ளதை அறுபத்து நான்கு என்று பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் சில்லை மாற்றிவிடுவார்கள். எட்டு நிறையும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். அதன்பின் எடுப்பவை காணாமற் போகும், அல்லது முன்னவற்றின் மேல் எழுதப்படும். புதுக் கார்ட் வாங்கினால் அதை முழுவதும் நிரப்பி, திரும்ப வாசித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு திருமணத்தைப் படமெடுக்கப் போவதற்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள்.

மற்றபடி, பற்றரி சாகும்வரை எடுக்காதீர்கள். படங்களை இரண்டு இடங்களில் பிரதி செய்த பின் கார்டை கமெராவிலேயே போமட் செய்யுங்கள். ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணாதீர்கள். இருமுறை பிழை காட்டிய கார்டை நம்பாதீர்கள்.

•

அவ்வாண்டு டிசம்பரில் பருவகாலம் தொடங்கியபோது அந்தப் பாதிப் படத்தை முகம் மட்டும் வரும்படி வெட்டி, அச்சிட்டு எடுத்துச் சென்றேன். தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். மீண்டும் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து தம்பியின் படத்தைக் காட்டினார். மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. முகம் இருந்த இடத்தில் பூஞ்சணம் பிடித்த வெள்ளைத் திட்டு. என் கார்டில் தொலைந்த பாதிதான் அந்த முகத்தின் கடைசிப் பிரதி என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"அவன் மொகம் எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அவர். "அவன் புள்ளைங்களுக்குத்தான் என் மொகம் தெரியாது. இது போதும், குடு."

கூடலூருக்கு நானே தபாலில் அனுப்பினேன். பதில் வருவதற்கு எந்த விலாசம் எழுதுவது என்று கேட்டேன். தோட்டத்தின் பெயர்தான். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கமோ வீதியோ இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேரும், சேராமலும் போகும். அட்டவணை இல்லாத கார்டைப் பற்றி அந்த இளைஞர் சொன்னது எனக்கு அங்கே நினைவு வந்தது.

திரும்பும் வழியில் பொகவந்தலாவைக்குச் சென்றேன். அங்குள்ள சென்ட் மேரிஸ் தேவாலய மயானத்தில்தான் ஜூலியா மார்கரெட் கமரன் அடங்கியிருக்கிறார். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1875இல் இலங்கை வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானவர். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஈரம் காய்வதற்குள் பூசி, படம்பிடித்து, கழுவி முடிக்க வேண்டிய கண்ணாடித் தகடுகளுடன் இந்த வெப்ப நாட்டில் போராடி அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் சாதாரண உழைப்பாளரின் முகங்களும் உண்டு. 'களுத்துறைக் குடியானவர்கள் குழு' என்ற 1878ஆம் ஆண்டுப் படத்தில் நிற்பவர்கள் நம்மையே நோக்குகிறார்கள். முகங்கள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் மங்கவில்லை. பெயர்கள் இல்லை. யாருடைய பாட்டன், யாருடைய பாட்டி என்று சொல்ல எந்த அட்டவணையும் இல்லை.

பொருள் அழியாமலே நினைவு தொலையக்கூடும் என்பதை அந்த இரண்டும் எனக்குக் கற்பித்தன. அன்றுமுதல் நான் எடுக்கும் படம் ஒவ்வொன்றுக்கும் பெயர், ஊர், திகதி எழுதாமல் உறங்குவதில்லை. அச்சிட்டுக் கொடுப்பதாயின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே கொடுக்கிறேன்.

மருமகன் மறுநாள் மாலை வந்து சேர்ந்தான். கார்டைத் துடைத்து ரீடரில் இட்டோம். படங்கள் யாவும் இருந்தன. தொடுகையில் படிந்த ஈரம்தான் காரணம். பார்த்துக்கொண்டே வந்தபோது, மலையிறங்கும் படியோரத்தில் தேயிலைக் கூடையுடன் சிரிக்கும் ஒரு முதியவளின் படம் வந்தது.

"நல்ல படம்டா" என்றேன். "யார் இவங்க? பேர் கேட்டியா?"

கேட்கவில்லை என்றான். பருவகாலம் முடிய இன்னும் நாளிருக்கிறது. போய்க் கேட்டு எழுதி வா என்று சொல்லியிருக்கிறேன்.